மூன்றரைச் சங்கு

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு வேன் வந்தது.

ரத்னா கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் நாய் உட்கார்ந்திருந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை நெஞ்சு, இரண்டு கண்ணுக்கும் மேலே பழுப்புப் பொட்டு. ஐம்பத்தொரு கிலோ. பனி விழும் தேசத்துப் பண்ணைகளில் பால் வண்டி இழுக்க வளர்த்த இனம் என்று அதன் காகிதத்தில் எழுதியிருந்தது. பெயர் ஓட்டோ என்றும் எழுதியிருந்தது. டிரைவர் நம்பிராஜன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதை ஆட்டோ ஆக்கிவிட்டான். படப்பைக்கு ஷேர் போகுமா, எத்தனை பேர் ஏறலாம் என்று அதனிடம் தினமும் கேட்பான்.

அன்றைக்குக் கேட்கவில்லை. பின் சீட்டை மடக்கினான். இருவரும் மர வண்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இரண்டு சைக்கிள் சக்கரம், ஒரு பலகைத் தட்டு, நாயின் இரு பக்கமும் வரும்படி நீளமான இரண்டு தண்டு. நாய் தானாக ஏறி வண்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

தூங்கினீங்களா அக்கா என்று கேட்டான். தூங்கினேன் என்றாள்.

கெஸ்ட் ஹவுஸ் ஒரகடத்தில் உள்ள ஒரு உதிரி பாக கம்பெனியுடையது. சுவர் வைத்த வில்லாக் குடியிருப்புக்குள் கடைசி வீடு. வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து தங்குவார்கள். ரத்னா அங்கே ஆறு வருடமாக ஹவுஸ் கீப்பிங். நாய் நான்கு வருடத்துக்கு முன் ஹென்ரிக் என்பவரோடு வந்தது. அப்போது அதற்கு இரண்டு வயது.

தண்ணீர் கேன் ஏற்றிய லாரியைக் குடியிருப்புக்குள் விடமாட்டார்கள். கேன்களை மெயின் கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். கேட்டிலிருந்து சமையல்கட்டுக்கு நானூறு மீட்டர். ரத்னா ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்துத் தூக்கி வருவதை ஹென்ரிக் ஒரு வாரம் பார்த்தார். பிறகு வண்டி செய்தார். நாயை எப்படிப் பூட்டுவது என்று காட்டினார். தன் மொழியில் நான்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தார். ரத்னா அவற்றை அர்த்தம் தெரியாமலே கற்றுக்கொண்டாள். நாய்க்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஜூனில் அவர் ஊருக்குப் போனார். அந்த வெயிலில் நாயை ஏற்ற எந்த விமானக் கம்பெனியும் சம்மதிக்கவில்லை. குளிர் காலத்தில் ஏற்பாடு செய்கிறேன் என்றார். குளிர் காலத்தில் அவருக்குக் குழந்தை பிறந்தது. போட்டோ அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேன் வந்துகொண்டிருந்தது.

தினமும் மூன்று மணிக்குத் தண்ணீர் வேலை. ஒரு நடைக்கு நான்கு கேன். மூன்றரைக்குக் குடியிருப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேக்டரியில் சங்கு ஊதும். அதுதான் ரத்னாவுக்கும் ஷிப்டு முடிகிற நேரம். மூன்று நாற்பதுக்குக் கேட்டிலிருந்து காண்டிராக்ட் வேன் கிளம்பிவிடும். விட்டால் இரண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும்.

அதனால் சங்கு ஊதும்போது வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேயே, நாயின் நெஞ்சுப் பட்டையைத் தண்டோடு மாட்டிய கொக்கிகளைக் கழற்றுவாள். இடது, பிறகு வலது. தண்டைக் கீழே இறக்குவாள். பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து நாய்க்குக் கொடுப்பாள். நாய் தானாக நடந்து சமையல்கட்டுக் கதவுக்குப் போகும். இரண்டாம் ஷிப்டு ஆள் அதை ஏசி ரூமில் விட்டுவிட்டு வந்து வண்டியை இழுத்துப் போவான். அவள் கேட்டுக்கு ஓடுவாள். வண்டி சமையல்கட்டு வாசலுக்கு ஐந்தடி தூரத்தில் நின்ற நாளும் உண்டு. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். சங்கு ஊதினால் பாதி முறுக்கிய திருகு அடுத்த ஷிப்டுக்காரனுடையது.

வருகிற முப்பத்தொன்றாம் தேதி கெஸ்ட் ஹவுஸை மூடுகிறார்கள். மெயில் வந்தது. ரத்னாவுக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சூப்பர்வைசர் சொன்னார். அவள் சரி என்றாள். மெயிலின் அடியில் நாய் பற்றி இரண்டு முகவரி இருந்தது. ஒன்று நாய்க் காப்பகம். ஷீட் போட்ட கொட்டகை. போய்ப் பார்த்து வந்த வெட்னரி டாக்டர், இந்த ரோமத்தோடு அந்தக் கூரைக்குக் கீழே இது ஏப்ரலைத் தாண்டாது என்றார். இரண்டாவது கோத்தகிரி. அங்கே விடுதி நடத்தும் ஓர் அம்மாள். இதே இனத்தில் இரண்டு வைத்திருக்கிறார். விடுதிக்கு வரும் குழந்தைகளை நாய் வண்டியில் ஏற்றி இழுக்க வைப்பார். நாய் கிளப் நடத்தும் வண்டித் தேர்வில் தேறிய நாயைத்தான் எடுத்துக்கொள்வார். தேறாத நாயைக் குழந்தைகள் நடுவில் விட முடியாது என்று எழுதியிருந்தார்.

ரத்னாவின் வீடும் ஷீட் போட்டதுதான்.

தேர்வு இரண்டு நாள். அந்தப் பெரிய பேக்டரிக்கு மறுபக்கம், விற்காமல் கிடந்த மனைப் பிரிவில். தார் ரோடு போட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. வரிசையாக மஞ்சள் கல். சென்னை நாய் கிளப்காரர்கள் நடுவில் ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். ஒன்பது நாய் வந்திருந்தது. எல்லாம் ஆள் எடை உள்ளவை. பெரிய கார்களில் மின்விசிறியும் ஐஸ் பெட்டியுமாக வந்து இறங்கின.

பதிவு மேசையில் இருந்தவர் ரத்னாவிடம் உங்க மேடம் எங்கே என்று கேட்டார். மேடம் இல்லை என்றாள். சார்? சாரும் இல்லை. அவர் ஒன்பது என்று எழுதிய துணியைக் கொடுத்தார். அவள் புடவைக்கு மேல் கட்டிக்கொண்டாள்.

நடுவர் பெங்களூர்க்காரர். அறுபது வயதுப் பெண். தொப்பி, கழுத்தில் விசில். விதிகளை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் சொன்னார். நாயைப் பூட்டிய பிறகு, நாயையோ பட்டையையோ வண்டியையோ தொடக் கூடாது. பேசலாம். தொட்டால் தேர்வு முடிந்தது. ஒரே ஒரு விலக்கு. நாய்க்கு வலிக்கிறது என்று தெரிந்தால் உடனே கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும். அவர் வந்து பார்ப்பார். வலி உண்மை என்றால் மறுபடி பூட்டி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது, கை நாம் சொன்னதைக் கேட்காது என்றார். சிலர் சிரித்தார்கள். ரத்னா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பூட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும். முன்னால் போக வேண்டும். வண்டியோடு பின்னால் வர வேண்டும். இரண்டு கம்பத்துக்கு நடுவில் இடிக்காமல் நுழைய வேண்டும். யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார்கள், திரும்பக் கூடாது. வழியில் பிரியாணிப் பொட்டலம் இருக்கும், முகரக் கூடாது. பிரியாணியிடம் ஒரு நாய் தோற்றது. இன்னொன்று வண்டியைக் குடை சாய்த்தது. குன்றத்தூர் பல் டாக்டர் ஒருவர் பாதியில் தன் நாயைக் கழற்றிவிட்டார். நடுவர் முட்டி போட்டுப் பார்த்தார். பட்டை நழுவி அக்குளில் அறுத்துச் சிவந்திருந்தது. மறுபடி பூட்டச் சொன்னார். டாக்டரின் நாய் தேறியது. கைதட்டினார்கள்.

ரத்னா நான்கு வார்த்தைகளைச் சொன்னாள். நாய் செய்தது. தட்டு விழுந்தபோது அது காதைக்கூட ஆட்டவில்லை. யார் பழக்கியது என்று நடுவர் கேட்டார். தண்ணி கேன் என்றாள்.

ஒரு மணிக்கு எல்லாம் முடிந்தது. வெயில் ஏறிவிட்டால் நாய்க்கு ஆகாது என்று கலைத்தார்கள்.

கோத்தகிரி அம்மாள் வந்தார். நாயின் பல்லைப் பார்த்தார். இடுப்பெலும்பை அழுத்திப் பார்த்தார். நாய் பொறுத்துக்கொண்டது. நாளைக்கும் இப்படியே இழுத்தால் நாளைக்கே கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னார். மலை ஏறும்போது வெயில் இருக்காது. என்ன சாப்பிடும் என்று கேட்டுக் கைபேசியில் குறித்துக்கொண்டார். தயிர் சாதம். உப்பில்லாத கோழி. மூன்றரைக்கு ஒரு முட்டை.

“அது என்ன மூன்றரை?”

“வேலை முடியுற நேரம்மா.”

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

திரும்பும்போது நம்பிராஜன் கோத்தகிரி பற்றிப் பேசினான். அங்கே ஜனவரியில் காலையில் புல் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் என்றான். ஒரு தடவை சவாரி போயிருக்கிறான். ஆட்டோ அங்கே போய்ப் படுத்தால் திரும்பி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது என்றான். ரத்னா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி பஸ் போனது. பிறகு இன்னொரு கம்பெனி பஸ் போனது.

“அழுதாலும் தப்பில்லக்கா,” என்றான்.

“இன்னாத்துக்கு?” என்றாள்.

நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. மெயில் வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்த கை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்தாள். அவள் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் அந்தப் பெரிய பேக்டரியில்தான் காண்டிராக்டில் லோடு ஏற்றுகிறார். பொங்கலுக்கு ஒரு நாள் கூடுதலாக லீவு விட்டதற்கு ஈடாக இந்த ஞாயிறு வேலை நாள் என்று போன வாரமே போர்டில் எழுதியிருந்தார்கள். அவருக்கு எலுமிச்சை சாதம் கிளறி டப்பாவில் அடைத்தாள். உருளைக்கிழங்கு தனியாக வைத்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, நாய்க்கு இன்னிக்கு இன்னா பரீட்சை, கணக்கா, சயின்ஸா என்று கேட்டார். பாரம் இழுக்கணும் என்றாள். அப்ப என்னை இட்னு போ, நான் பாஸாயிடுவேன் என்றார். டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பிறகு அவள் நாய்க்கு முட்டை அவித்தாள். ஓடு உரித்துத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள்.

ஞாயிறு வேலை என்று அவளுக்குத் தெரியும். ஞாயிறு வேலை என்றால் சங்கும் உண்டு. அந்த இரண்டும் அவள் தலைக்குள் ஒன்றாகச் சேரவில்லை.

காலையில் எல்லா நாய்களையும் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். சொந்தக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் மறைந்து நிற்க வேண்டும். மூன்று நிமிடம். யாரோ பந்தல் துணியில் ஓட்டை வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டரோடது எழுந்திடுச்சு. வெள்ளை நாய் எழுந்திடுச்சு. ரத்னா கேட்கவில்லை. விசில் ஊதியதும் போய்ப் பார்த்தாள். நாய் விட்ட இடத்தில் கிடந்தது.

ஐந்து நாய் மிஞ்சியது. கடைசித் தேர்வு பாரம். இருபத்தைந்து கிலோ செங்கல். மனைப் பிரிவை இரண்டு சுற்று. ஒன்றரை கிலோமீட்டர் வரும். நம்பிராஜன் செங்கல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, இது நம்ம ஆட்டோவுக்குக் காலி வண்டிக்கா, ஆளே ஏறல என்றான். சீட்டு எடுத்தார்கள். ரத்னாவுக்குக் கடைசி எண் வந்தது. நான்கு நாய் போய் வந்தபோது பன்னிரண்டாகிவிட்டது. நடுவர் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார்த்தார். கடைசி நாய் மூன்று மணிக்கு என்றார்.

கோத்தகிரி அம்மாள் அதுவரை காரிலேயே இருந்தார். பின் சீட்டில் கம்பளி விரித்திருந்தார். கழுத்துப் பட்டை புதிதாக வாங்கி வந்திருந்தார். சிவப்பு. ரத்னாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நல்லா இருக்கு என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று ஐந்துக்கு நடுவர் கையைக் காட்டினார்.

ரத்னா முதல் வார்த்தையைச் சொன்னாள். வண்டி நகர்ந்தது. அவள் நாய்க்கு வலப் பக்கம் நடந்தாள். கை பின்னால் கோத்திருந்தது. பை தோளில். நடுவர் பத்தடி பின்னால் வந்தார். செங்கல் ஒன்றோடொன்று லேசாக இடித்தது. மேகம் வந்திருந்ததால் ரோடு சுடவில்லை. நாய் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தோளைக் கொடுத்து, கேன் இழுப்பது போலவே இழுத்தது. திருப்பத்தில் வார்த்தை சொல்வதற்கு முன்பே திரும்பியது. வேலியோரம் இரண்டு ஆடு மேய்ந்தது. நாய் பார்க்கவில்லை.

முதல் சுற்று முடிந்தது. நேரம் சரி என்று நடுவர் சொன்னார். இரண்டாவது சுற்றில் மூலையில் தண்ணீர் லாரி ஒன்று நின்றிருந்தது. சுற்றிப் போனார்கள். கடைசித் திருப்பம் திரும்பினார்கள். நேர் ரோடு. அறுபது மீட்டரில், முடிவுக்குக் கட்டிய மஞ்சள் கயிறு. கயிற்றுக்கு அப்பால் நம்பிராஜன் கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கோத்தகிரி அம்மாள். காரின் பின் கதவு திறந்திருந்தது. அம்மாள் கையில் சிவப்புப் பட்டை.

நாற்பது மீட்டர்.

சங்கு ஊதியது.

நாய் நின்றது.

ரத்னாவின் கை பின்னாலிருந்து முன்னால் வந்தது. இடது கொக்கி. வலது கொக்கி. தண்டு ரோட்டில் இறங்கியது. கை பைக்குள் போனது. தாளைப் பிரித்தது. முட்டை கையில் இருந்தது. உடம்பு கேட் இருக்க வேண்டிய பக்கமாகப் பாதி திரும்பியிருந்தது.

அந்தப் பக்கம் கேட் இல்லை. மஞ்சள் கல் இருந்தது.

சங்கு நின்றது.

நம்பிராஜன் கைபேசியை இறக்கினான். கயிற்றுக்கு அப்பால் யாரோ அச்சச்சோ என்றார்கள். கோத்தகிரி அம்மாள் பட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். நாய் ரத்னாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வால் மெதுவாக ஆடியது. அதைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

ரத்னா விரல்களை மூடிக்கொண்டாள். தன் கையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

நாய் நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. நின்ற நாயை மூன்று முறை கூப்பிடலாம் என்று விதி இருந்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும்.

நடுவர் கடிகாரத்தை அழுத்தி நிறுத்திவிட்டு வந்தார். அவசரப்படவில்லை. நம்பிராஜன் கயிற்றைத் தாண்டி ஓடி வந்தான். ரத்னாவின் காதருகே குனிந்தான்.

“வலிச்சுதுன்னு சொல்லுங்கக்கா. அதுபோதும். வேற ஒண்ணும் சொல்லாண்டாம்.”

நடுவர் அவனைத் தள்ளிப் போகச் சொன்னார். அவன் நான்கடி போய் நின்றான். நடுவர் நாயின் பக்கத்தில் முட்டி போட்டார். பட்டையை நெஞ்சில் தூக்கிப் பார்த்தார். அக்குளில் விரலை விட்டார். முன்கால் இரண்டையும் தூக்கிப் பாதத்தில் கல் இருக்கிறதா என்று தடவினார். பாதங்கள் சுத்தமாக இருந்தன. நாய் அவர் தோளுக்கு மேலாக ரத்னாவின் மூடிய கையை முகர்ந்தது. மூக்கால் ஒரு தடவை இடித்தது. பிறகு காத்திருந்தது.

ரோமம் ரொம்ப அடர்த்தி என்று நடுவர் சொன்னார். உள்ளே சிவந்திருந்தால்கூட வெளியே தெரியாது. இந்த இடத்தில் நடத்துபவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும், அதுதான் விதி. வலி என்றால் மறுபடி பூட்டி மிச்ச நாற்பது மீட்டர் போகலாம். நேரம் இன்னும் இருக்கிறது. இல்லை என்றால் இங்கேயே முடித்து எழுதிவிடுவார்.

சங்கு பற்றி அவர் கேட்கவில்லை. அவர் ஊரில் அது சாதாரணச் சத்தமாக இருக்கலாம்.

பேக்டரி கேட்டிலிருந்து முதல் பஸ் ரோட்டுக்கு ஏறியது. ஜன்னல்களில் தலைகள் சாய்ந்திருந்தன. அதில் ஒன்று பாண்டுரங்கனாக இருக்கும். அந்தப் பக்கமாகப் பார்த்த ஒன்றிரண்டு பேர் பந்தலையும் கார்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அடுத்த பஸ் வந்தது.

ரத்னாவின் கையில் முட்டை இளஞ்சூடாக இருந்தது. காலையில் அவித்தது. அந்தச் சூடு அவள் கையுடையதாக இருக்க வேண்டும்.

நடுவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். பலகையில் தாளைச் சரி செய்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“பதற வேண்டாம்மா. ஒரே கேள்விதான். அதுக்கு வலிச்சுதா?”